பூனையின் டிஎன்எஃப்-ஆல்ஃபா: ஒரு குப்பிப் புரதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அடியில் மெல்லிய வெள்ளைப் படலம் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கும். சில சமயம் அதுவும் தெரியாது. புதிதாகச் சேரும் மாணவர் யாராவது "காலிக் குப்பி அனுப்பிவிட்டார்கள்" என்று ஓடி வருவது எங்கள் ஆய்வகத்தில் வருடா வருடம் நடக்கும். பூனைகளின் அழற்சியையும் நோய் எதிர்ப்பையும் ஆராய உதவும் புரதங்களில் ஒன்று இந்த டிஎன்எஃப்-ஆல்ஃபா. மாணவர்கள் கேட்டவற்றையும் பூனை வளர்க்கும் நண்பர்கள் கேட்டவற்றையும் கலந்தே இங்கே எழுதியிருக்கிறேன். உங்களுக்குத் தேவையில்லாத கேள்விகளைத் தாண்டிப் போகலாம். எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா அழுக்கைப் பற்றிய பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

டிஎன்எஃப்-ஆல்ஃபா என்றால் என்ன?

செல்கள் தங்களுக்குள் செய்தி சொல்லிக்கொள்ள வெளியே விடும் சிறு புரதங்களுக்குச் சைட்டோகைன் என்று பெயர். அழற்சியின் தொடக்கத்திலேயே வெளிவரும் சைட்டோகைன்களில் இது முக்கியமானது. காயத்திலோ தொற்றிலோ முதலில் விழித்துக்கொள்ளும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்கள்தாம் இதைப் பெருமளவில் உண்டாக்குகின்றன.

முதலில் இது செல்லின் மேற்பரப்பில் குத்திவைத்த கொடி போல நிற்கும். நீளம் 233 அமினோ அமிலம். ஒரு வெட்டு நொதி வந்து அதைக் கத்தரித்துவிட, 157 அமினோ அமில நீளத் துண்டு வெளியே மிதந்து போகும். ஒரு துண்டின் எடை ஏறத்தாழ 17 கிலோடால்டன். தனித்துண்டால் பயனில்லை. மூன்று துண்டுகள் மணி வடிவில் ஒன்றுசேர்ந்தால்தான் அது ஏற்பியை, அதாவது செய்தியை வாங்கிக்கொள்ளும் செல்லின் மேற்பரப்புப் புரதத்தை, பிடித்து வேலை செய்யும். குப்பியில் இருப்பது இந்த வெட்டப்பட்ட வடிவம்தான்.

பெயரில் புற்றுநோய்க் கட்டி எங்கிருந்து வந்தது?

விரித்தால் 'கட்டியை அழுகச் செய்யும் காரணி' என்று பொருள். 1890-களில் நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, கடுமையான தோல் தொற்று வந்த சில நோயாளிகளுக்குக் கட்டி சுருங்குவதைப் பார்த்து, பாக்டீரியாவையே ஊசியாகப் போட்டுப் பார்த்தார். ஏன் சுருங்குகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. 1975-இல் லாயிட் ஓல்டின் குழு, பிசிஜி தடுப்பூசியும் எண்டோடாக்சினும் கொடுத்த எலிகளின் சீரத்தில் கட்டியைக் கருகவைக்கும் ஒரு பொருள் இருப்பதைக் காட்டி இந்தப் பெயரை வைத்தது. 1984-இல் மனித மரபணு கைக்கு வந்தது.

எனக்குப் பிடித்த பகுதி அடுத்த வருடம் நடந்தது. நாள்பட்ட தொற்று வந்த விலங்கு ஏன் எலும்பும் தோலுமாக இளைத்துப்போகிறது என்று தேடிக்கொண்டிருந்த புரூஸ் பாய்ட்லரும் ஆன்டனி செராமியும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதற்குக் 'கேகெக்டின்' என்று பெயரும் வைத்திருந்தார்கள். வரிசையைப் பார்த்தால், அதே டிஎன்எஃப்! கட்டியை அழிக்கும் என்று கொண்டாடியதும் உடலை உருக்குகிறது என்று பயந்ததும் ஒரே மூலக்கூறு. பாய்ட்லர் பின்னாளில் எண்டோடாக்சினை உணரும் ஏற்பியைக் கண்டறிந்ததற்காக 2011-இல் நோபல் பரிசு பெற்றார். அந்த எண்டோடாக்சின் கீழே மறுபடி வரும், வில்லனாக.

'ஆல்ஃபா' என்ற வால் பழைய மிச்சம். 'பீட்டா' என்று அழைத்ததற்கு இப்போது வேறு பெயர் இருப்பதால், பலர் வெறுமனே டிஎன்எஃப் என்றே எழுதுகிறார்கள்.

பூனையின் உடலில் இது என்ன செய்கிறது?

அளவாக இருந்தால் நல்லது. இரத்தக் குழாயின் உட்சுவரை ஒட்டும்படி மாற்றி வெள்ளணுக்களைத் தொற்று நடந்த இடத்துக்கு இழுக்கும், காய்ச்சலைக் கிளப்பும், கல்லீரலை அவசரகாலப் புரதங்கள் செய்யச் சொல்லும். அளவு மீறினால் குழாய்கள் கசியும், இரத்த அழுத்தம் சரியும். உடம்பு சரியில்லாத பூனை சாப்பாட்டுத் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்ளுமே, அந்தப் பசியின்மைக்கும் சோர்வுக்கும் பின்னாலும் டிஎன்எஃப் முதலான சைட்டோகைன்களுக்குப் பங்கு இருக்கிறது.

மனித டிஎன்எஃப் சுலபமாகக் கிடைக்கிறதே, அதையே பூனைச் செல்லில் போட்டால் என்ன?

கேட்க நியாயமான கேள்விதான், விலையைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்பார்கள். மனித டிஎன்எஃப் பல விலங்குகளின் செல்களில் ஓரளவு வேலை செய்யவும் செய்யும். சிக்கல் அந்த 'ஓரளவு' என்பதில் இருக்கிறது.

டிஎன்எஃப்-க்கு இரண்டு ஏற்பிகள் உண்டு. முதலாவது உடம்பெங்கும் இருக்கும். அழற்சி, செல் சாவு இரண்டையும் பெரும்பாலும் அதுதான் நடத்துகிறது. இரண்டாவது முக்கியமாக நோய் எதிர்ப்பு செல்களிலும் இரத்தக் குழாய்ச் சுவரிலும் இருக்கும். மனித டிஎன்எஃப்-ஐ எலிக்குப் போட்டுப் பார்த்தபோது அது எலியின் முதல் ஏற்பியை மட்டும் பிடித்தது, இரண்டாவதைப் பிடிக்கவில்லை. பாதி வாக்கியம் மட்டும் கேட்ட செல், பாதிப் பதில்தான் சொல்லும். பூனை விஷயத்திலும் இப்படி ஏதாவது நடந்து, அதைப் 'பூனையின் இயல்பு' என்று நாம் எழுதிவைத்துவிட்டால், பின்னால் வருபவர்கள் அதன் மேல் வீடு கட்டுவார்கள்.

மற்றச் சைட்டோகைன்களில் நிலைமை இன்னும் மோசம். மனித இன்டர்ஃபெரான்-காமா எலிச் செல்லுக்கு ஏறக்குறைய வெறும் தண்ணீர் மாதிரி. பூனையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பூனையின் புரதத்தைத்தான் போட வேண்டும்.

இதற்காகப் பூனைகளிடமிருந்து இரத்தம் எடுக்கிறார்களா?

இல்லை. பூனையின் டிஎன்எஃப் மரபணு வரிசை பல வருடங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. அந்த வரிசையை ஒரு வளைய டிஎன்ஏ-வில் செருகி, ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் அனுப்புவார்கள். பாக்டீரியா பெருகும்போது புரதமும் பெருகும். பிறகு செல்லை உடைத்து, வடித்துச் சுத்தம் செய்து, உறையவைத்து உலர்த்தினால் குப்பிக்குள் போடலாம்.

பாக்டீரியா செய்ததும் பூனை செய்ததும் ஒன்றா?

டிஎன்எஃப்-ஐப் பொறுத்தவரை, போதுமான அளவுக்கு ஒன்றுதான். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரே ஒரு கந்தகப் பிணைப்பு, வேலைக்குச் சர்க்கரை ஒட்டல் தேவையில்லை. இவ்வளவு எளிய புரதத்தைப் பாக்டீரியாவால் சரியாக மடித்துவிட முடியும். முன்முனையில் ஒரு மெத்தியோனின் கூடுதலாக இருக்கலாம், அதனால் பொதுவாகத் தொந்தரவு இல்லை.

எல்லாப் பூனைப் புரதங்களும் இப்படிச் சமர்த்தாக இருப்பதில்லை. பூனையின் இன்டர்ஃபெரான்-ஒமேகாவில் சர்க்கரை ஒட்டியிருக்கும். அதைப் பட்டுப்புழுவுக்குள் வைரஸ் மூலம் மரபணுவை அனுப்பித் தயாரிக்கிறார்கள். பட்டுக்காக வளர்த்த புழு பூனைக்கு மருந்து செய்கிறது என்று சொன்னால் வகுப்பில் தூங்கிக்கொண்டிருப்பவரும் நிமிர்ந்து உட்காருவார்.

வந்த குப்பி உயிர்ப்போடு இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

ஜெல்லில் ஓட்டி 17 கிலோடால்டனில் ஒரு கோடு வந்தால் புரதம் இருக்கிறது என்று தெரியும், வேலை செய்கிறதா என்று தெரியாது. அதற்கு ஒரு உயிருள்ள சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி எல்929 என்ற எலி இணைப்புத் திசுச் செல். 1940-களில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் வில்டன் ஏர்லின் குழு வளர்த்தெடுத்த வரிசை, ஒற்றைச் செல்லில் தொடங்கி இன்றுவரை பெருகிக்கொண்டிருக்கிறது.

செய்முறை சுருக்கமாக: 96 குழித் தட்டில் செல்களை ஒட்டவிட்டு, ஆக்டினோமைசின்-டி சேர்க்க வேண்டும். இது செல்லின் மரபணு நகலெடுப்பை நிறுத்திவிடும். டிஎன்எஃப் ஏற்பியைத் தட்டும்போது செல்லுக்குள் இரண்டு உத்தரவுகள் கிளம்பும், 'செத்துப்போ' என்று ஒன்றும் 'தாக்குப்பிடி' என்று ஒன்றும். தாக்குப்பிடிக்கப் புதிதாகப் புரதம் செய்ய வேண்டும். அந்த வழியை ஆக்டினோமைசின் அடைத்துவிடுவதால், மிச்சம் இருப்பது சாவு மட்டும். டிஎன்எஃப்-ஐப் படிப்படியாக நீர்த்து வரிசையாகப் போட்டு, மறுநாள் ஊதாச் சாயம் ஏற்றினால், பிழைத்த செல்கள் மட்டும் நிறம் பிடிக்கும். தட்டின் ஒரு பக்கம் கரு ஊதா, மறு பக்கம் வெறும் பிளாஸ்டிக், நடுவில் நிறம் மங்கும் சரிவு. பாதிச் செல் சாகும் இடத்தில் என்ன செறிவோ, அதுதான் அந்தக் குப்பியின் பாதித்திறன் அளவு.

இங்கே ஒரு கூர்மையான மாணவி என்னை மடக்கினார்: "பூனைச் செல்லுக்குப் பூனைப் புரதம்தான் வேண்டும் என்றீர்கள், சோதிப்பது மட்டும் எலிச் செல்லிலா?" சரியான பிடி. எலியின் முதல் ஏற்பி தாராள மனம் படைத்தது, பல இனங்களின் டிஎன்எஃப்-ஐ ஏற்றுக்கொள்ளும். செல்லைக் கொல்வதும் அந்த ஏற்பிதான். ஆகவே இந்தச் சோதனை 'புரதம் சரியாக மடிந்திருக்கிறது, மூன்றாகச் சேர்ந்திருக்கிறது' என்பதற்குச் சாட்சி. பூனைச் செல்லில் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி ஆகாது.

குப்பியோடு வரும் தாளில் 'யூனிட்' என்று போட்டிருக்கிறதே, அதை எப்படிப் புரிந்துகொள்வது?

பாதித்திறன் அளவைத் தலைகீழாகப் போட்டால் யூனிட். 10 லட்சத்தை, பாதித்திறனுக்குத் தேவையான நானோகிராம் அளவால் வகுத்தால், ஒரு மில்லிகிராமில் எத்தனை யூனிட் என்று கிடைக்கும். ஒரு மில்லிலிட்டருக்கு 0.05 நானோகிராமிலேயே பாதிச் செல் செத்தால், மில்லிகிராமுக்கு 2 கோடி யூனிட். இந்த எண் சோதித்த இடத்தின் செல், ஆக்டினோமைசின் அளவு, நேரம் எல்லாவற்றையும் பொறுத்தது. இரண்டு தயாரிப்பாளர்களின் யூனிட்டை ஒப்பிடுவது, இரண்டு வீட்டு டம்ளரை வைத்துப் பாலை ஒப்பிடுவது போல. உங்கள் ஆய்வகத்தில், உங்கள் செல்லில் நீங்களே ஒரு வளைவு போட்டுக்கொள்ளுங்கள்.

எண்டோடாக்சின் பற்றி ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்?

ஏனென்றால் நான் ஏமாந்திருக்கிறேன்.

முதலில் விஷயம். ஈ. கோலையின் வெளிச்சுவரில் இருக்கும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த மூலக்கூறுதான் எண்டோடாக்சின். புரதத்தை ஈ. கோலையில் செய்வதால், சுத்தம் செய்த பிறகும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். மோனோசைட் (மேக்ரோஃபேஜாக மாறக்கூடிய இரத்த வெள்ளணு), மேக்ரோஃபேஜ் போன்ற செல்கள் மில்லிலிட்டருக்குச் சில பத்துப் பிக்கோகிராம் இருந்தாலே விழித்துக்கொள்ளும். விழித்ததும் அவை செய்யும் முதல் காரியங்களில் ஒன்று, டிஎன்எஃப் சுரப்பது. அதாவது நீங்கள் டிஎன்எஃப் போட்டால் என்ன நடக்குமோ, அதில் பாதியை அழுக்கே நடத்திக் காட்டிவிடும்.

நான் ஆய்வுக்குச் சேர்ந்த புதிதில், பூனை மோனோசைட்டுகளில் டிஎன்எஃப் போட்டு, அவை வேறு சைட்டோகைன்களைக் கொட்டுவதைப் பார்த்துப் பூரித்துப்போனேன். சந்தேகம் தீர, டிஎன்எஃப்-ஐ முடக்கும் ஆன்டிபாடியையும் சேர்த்துப் பார்த்தேன். விளைவு பெருமளவு அடங்கியது. 'அப்போ டிஎன்எஃப்தான் காரணம்' என்று வரைபடம்கூடத் தயார். ஒரு மூத்த ஆய்வாளர் எட்டிப் பார்த்து, "கொதிக்கவைத்துப் போட்டாயா?" என்று கேட்டார். போடவில்லை. போட்டேன். கொதிக்கவைத்த, செத்த புரதமும் அதே மாதிரி வேலை செய்தது.

என்ன நடந்தது தெரியுமா? அழுக்கு செல்லைத் தூண்டியது, செல் தன் சொந்த டிஎன்எஃப்-ஐச் சுரந்தது, நான் போட்ட ஆன்டிபாடி அதை முடக்கியது. ஆன்டிபாடி பொய் சொல்லவில்லை, நான் கேட்ட கேள்வி தப்பு. அழுக்கும் குப்பியில் இல்லை. புரதத்தைக் கரைக்க எடுத்த தண்ணீரில் இருந்தது. ஆட்டோகிளேவ் செய்த தண்ணீர்தானே என்று நம்பியிருந்தேன். ஆட்டோகிளேவின் 121 டிகிரி பாக்டீரியாவைக் கொல்லும், எண்டோடாக்சினை ஒன்றும் செய்யாது. கண்ணாடிப் பாத்திரத்திலிருந்து அதை ஒழிக்க 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரமாவது வைக்க வேண்டும். மூன்று மாத வேலை குப்பைக்குப் போனது.

அதிலிருந்து என் ஒழுங்கு இது: கொதிக்கவைத்த புரதக் கட்டுப்பாடு எல்லாத் தட்டிலும் உண்டு, ஏனென்றால் கொதி டிஎன்எஃப்-ஐக் கெடுக்கும், எண்டோடாக்சினை விட்டுவிடும். எண்டோடாக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பாலிமிக்சின்-பி சேர்த்த குழி தனியாக உண்டு. புரதமே இல்லாத வெறும் கரைப்பான் குழியும் உண்டு, பலர் மறப்பது அதைத்தான். ஆன்டிபாடிக் கட்டுப்பாடு இவற்றுக்கு அப்புறம்தான்.

தாளில் போட்டிருக்கும் எண்டோடாக்சின் அளவு போதுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு எண்டோடாக்சின் அலகு என்பது ஏறத்தாழ 100 பிக்கோகிராம். மைக்ரோகிராம் புரதத்துக்கு 1 அலகுக்குக் கீழே என்று தாளில் இருந்தால், மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் புரதம் போடும்போது கூட வருவது அதிகபட்சம் 1 பிக்கோகிராம் எண்டோடாக்சின். கவலை வேண்டாம். அதே குப்பியை மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்று கொட்டினால் 100 பிக்கோகிராம் வரை வந்துவிடும். மோனோசைட்டுகள் குதிக்க ஆரம்பிக்கும். 'தூக்கலாகப் போட்டால் தெளிவாகத் தெரியும்' என்ற சமையல் ஞானம் இங்கே உதவாது.

இந்த அளவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது தனிக் கதை. குதிரைலாட நண்டின் நீல இரத்தச் செல்கள் எண்டோடாக்சினைத் தொட்டதும் உறைந்துபோகும். 1960-களில் ஃபிரெட்ரிக் பேங்கும் ஜாக் லெவினும் இதைச் சோதனையாக மாற்றினார்கள். இப்போது அந்த உறைவைத் தொடங்கும் நண்டின் நொதியையே ஆய்வகத்தில் செய்து, நண்டைத் தொடாமல் சோதிக்கும் முறையும் வந்திருக்கிறது.

குப்பி கைக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

திறக்காதீர்கள். முதலில் சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்று, மூடியில் ஒட்டியிருப்பது கீழே இறங்கட்டும். பிறகு கிருமி நீக்கிய பஃபரில், குறைந்தது 0.1 சதவீதம் மாட்டு சீரம் ஆல்புமின் கலந்து கரையுங்கள். வோர்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவியில் வைத்து ஆட்ட வேண்டாம். நுரை வந்தால் புரதம் கெடும். மெல்லச் சாய்த்துச் சாய்த்து, கால் மணி நேரம் பொறுங்கள்.

ஆல்புமின் எதற்கு என்றால், புரதம் பிளாஸ்டிக்கில் ஒட்டும். 10 மைக்ரோகிராம் மட்டும் இருக்கும்போது குழாயின் சுவரே கணிசமான பங்கைத் தின்றுவிடும். ஆல்புமின் ஏராளமாக இருந்தால் சுவரில் அது ஒட்டிக்கொண்டு, உங்கள் புரதத்துக்கு இடம் விடாது. சாயமோ பயோட்டினோ புரதத்தில் ஒட்டப் போகிறீர்கள், அல்லது ஆன்டிபாடி தயாரிக்க விலங்குக்கு ஊசி போடப் போகிறீர்கள் என்றால் மட்டும் ஆல்புமின் இல்லாத குப்பியை வாங்குங்கள். இல்லையேல் சாயம் முழுக்க ஆல்புமினுக்கே போய்விடும்.

கரைத்ததைச் சிறு பங்குகளாகப் பிரித்து, தேதி எழுதி, மைனஸ் 80-இல் வையுங்கள். ஒரு பங்கு ஒரு தடவைக்குத்தான். உருக்கி மறுபடி உறையவைப்பது புரதத்தை உடைக்கும். எங்கள் ஊர் மின்வெட்டில் ஃப்ரீசர் எத்தனை முறை இளகி உறைந்தது என்று யாருக்கும் தெரியாது. உள்ளே ஒரு சிறு குப்பியில் தண்ணீரை உறையவைத்து, அதைத் தலைகீழாக வைத்துவிடுங்கள். என்றாவது அந்தப் பனிக்கட்டி மூடிப் பக்கம் இறங்கியிருந்தால் என்ன நடந்தது என்று புரியும். பனிக்கட்டி இறங்க உறைநிலையைத் தாண்டி உருக வேண்டும் என்பதால் சின்ன ஏற்றத்தாழ்வுகளை இது காட்டாது. பெரிய விபத்தைக் காட்டும்.

எவ்வளவு போடுவது, எந்தச் செல்லில்?

மில்லிலிட்டருக்கு 0.1, 1, 10, 100 நானோகிராம் என்று பத்துப் பத்தாகப் போய்ப் பாருங்கள். பெரும்பாலான பூனைச் செல்களுக்கு 10-ஐச் சுற்றியே பதில் கிடைத்துவிடும்.

செல் என்றால், கையில் வரிசையாக இருப்பவை இரண்டு. சிஆர்எஃப்கே என்ற பூனைச் சிறுநீரகச் செல், வைரஸ் வளர்க்க எல்லோரும் வைத்திருப்பது. எஃப்சிடபிள்யூஎஃப்-4 என்ற, மேக்ரோஃபேஜ் போலப் பழகும் பூனைக்கருச் செல். இரத்தத்திலிருந்து நேரடியாக வெள்ளணுக்கள் எடுப்பதுதான் நிஜத்துக்கு நெருக்கம், ஆனால் பொறுமையைச் சோதிக்கும். 4 கிலோ பூனையின் உடம்பில் இருப்பதே ஏறத்தாழ கால் லிட்டர் இரத்தம், அதில் நாம் கேட்கக்கூடியது சில மில்லிலிட்டர். போதாக்குறைக்குப் பூனையின் தட்டணுக்கள் சிரிஞ்சுக்குள் வரும்போதே கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். வெள்ளணுக்களோடு அவையும் கலந்து வரும். மெதுவான சுழற்சியில் பலமுறை கழுவுவதைத் தவிர வேறு வித்தை எனக்குத் தெரியாது.

எஃப்ஐபி நோய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எஃப்ஐபி என்பது கொரோனா வைரஸால் பூனைகளுக்கு வரும் வயிற்று உள்ளுறை அழற்சி நோய். பூனை டிஎன்எஃப்-ஐப் பற்றிப் பேச இதைவிட நல்ல இடம் இல்லை. பூனைக் கொரோனா வைரஸ் பெரும்பாலான பூனைகளின் குடலில் லேசான வயிற்றுப்போக்கோடு வந்து போகும். சில பூனைகளில் மட்டும் வைரஸ் மாற்றம் அடைந்து மேக்ரோஃபேஜுக்குள் புகுந்து பெருகும் திறனைப் பெறுகிறது. பிறகு இரத்தக் குழாய்கள் அழன்று கசியும், வயிற்றில் மஞ்சளாக, பிசுபிசுப்பாக நீர் கோத்துக்கொள்ளும். பல காலம் இது கிட்டத்தட்ட மரண தண்டனை.

ஜப்பானின் கிடசாட்டோ பல்கலைக்கழகத்தில் தகானோ, ஹொதாட்சு ஆகியோரின் குழு 2007-இல் ஒரு முடிச்சை அவிழ்த்தது. தொற்றிய மேக்ரோஃபேஜ் டிஎன்எஃப் சுரக்கிறது. அந்த டிஎன்எஃப் பக்கத்து மேக்ரோஃபேஜ்களின் மேற்பரப்பில் அமினோபெப்டிடேஸ்-என் என்ற புரதத்தைக் கூட்டுகிறது. இரண்டாம் வகைக் கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழையும் கதவே அந்தப் புரதம்தான். தீயணைக்கக் கூப்பிட்ட ஆட்களே இன்னும் நாலு கதவைத் திறந்துவிட்ட கதை. இதோடு நிற்கவில்லை. எஃப்ஐபி பூனைகளில் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் சரிவதற்கும், சாக வேண்டிய நியூட்ரோஃபில்கள் என்ற வேறு வெள்ளணுக்கள் சாகாமல் அழற்சியை நீட்டிப்பதற்கும் இதே டிஎன்எஃப்-க்குப் பங்கு உண்டு என்று அதே குழு காட்டியது.

இப்படிப்பட்ட ஆய்வில்தான் நம் குப்பியின் அருமை தெரியும். தொற்றிய செல்லின் மேல்திரவத்தில் நூறு பொருள்கள் இருக்கும். அதில் எது கதவைத் திறந்தது? சந்தேகப்படும் ஒன்றை மட்டும், வைரஸே இல்லாத நல்ல செல்லில் சுத்தமாகப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை: வெளியே பூனைகளிடம் அதிகம் காணப்படுவது முதல் வகை வைரஸ், அது இந்தக் கதவைப் பயன்படுத்துவதில்லை. ஆய்வகத்தில் சுலபமாக வளர்வது இரண்டாம் வகை. ஆகவே கதவுக் கதையை எல்லா எஃப்ஐபி-க்கும் நீட்டாதீர்கள்.

அப்படியானால் டிஎன்எஃப்-ஐ அடக்கினால் எஃப்ஐபி குணமாகுமா?

அதே குழு பூனை டிஎன்எஃப்-ஐ முடக்கும் ஆன்டிபாடியைச் செய்து, 2016-இல் முடிவை வெளியிட்டது. மருந்து பெற்ற மூன்று பூனைகளில் இரண்டில் நோய் முற்றவில்லை, பெறாத மூன்றிலும் நோய் வந்தது. நம்பிக்கை தரும் முடிவு, ஆனால் மூன்று பூனைகள் மூன்று பூனைகள்தான். அதற்குள் வேறு திசையிலிருந்து விடை வந்துவிட்டது. வைரஸ் பெருகுவதையே நிறுத்தும் ஜிஎஸ்-441524 என்ற மருந்தை, நீல்ஸ் பெடர்சனின் குழு இயற்கையாக எஃப்ஐபி வந்த 31 பூனைகளுக்குக் கொடுத்து, பெரும்பாலானவை பிழைத்ததை 2019-இல் அறிவித்தது. கோவிட் காலத்தில் நாம் கேள்விப்பட்ட ரெம்டெசிவிரின் நெருங்கிய உறவு அது. இன்று எஃப்ஐபி என்றால் மருத்துவர்கள் முதலில் நினைப்பது அதைத்தான்.

என் பூனைக்கு உடம்பு சரியில்லை. இந்தப் புரதத்தை ஊசியாகப் போடலாமா?

வேண்டவே வேண்டாம். இது ஆய்வகப் பொருள், மருந்து இல்லை. மேலே சொன்ன காய்ச்சல், அதிர்ச்சி, இரத்த அழுத்தச் சரிவு எல்லாவற்றையும் கையில் எடுத்துக் கொடுப்பது போல ஆகும்.

மருந்தாக மாறிய பூனைப் புரதங்கள் வேறு. பட்டுப்புழு செய்த இன்டர்ஃபெரான்-ஒமேகாவுக்கு ஐரோப்பாவில் 2001-இல் அனுமதி கிடைத்தது. மூட்டு வலிக்கான ஃப்ரூனிவெட்மேப், பூனைக்கு ஏற்ப வடிவமைத்த ஆன்டிபாடி. 2022 ஜனவரியில் அமெரிக்க மருந்து நிர்வாகம் விலங்குகளுக்கென்று அனுமதித்த முதல் மோனோகுளோனல் ஆன்டிபாடி அதுதான். முதல் இடம் நாய்க்குப் போகாமல் பூனைக்குப் போனதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

மூட்டுவாதத்துக்கு மனிதர்கள் போட்டுக்கொள்ளும் டிஎன்எஃப் தடுப்பு ஊசியைப் பூனைக்குப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். மனித ஆன்டிபாடியைப் பூனையின் உடல் அந்நியப் பொருளாகத்தான் பார்க்கும், அதற்கு எதிராகவே ஆன்டிபாடி செய்யும். வேண்டாம்.

பூனையின் இரத்தத்தில் டிஎன்எஃப் அளவைப் பார்த்து நோயைச் சொல்ல முடியுமா?

மருத்துவமனையில் அப்படிச் செய்வதில்லை. இரத்தத்தில் வந்த டிஎன்எஃப் சீக்கிரமே மறைந்துவிடும். காலையில் உச்சியில் இருந்தது மதியம் எடுத்த இரத்தத்தில் இருக்காது. பூனையின் அழற்சிக்கு மருத்துவர் பார்ப்பது சீரம் அமிலாய்டு-ஏ. நாய்க்கும் மனிதருக்கும் உதவும் சி-ரியாக்டிவ் புரதம் பூனையிடம் சரியாக அசையாது.

ஆராய்ச்சியில் எலைசா என்ற, ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்து அளக்கும் சோதனை மூலம் அளப்பது உண்டு. அதில் நம் குப்பிப் புரதம் அளவுகோலாக இருக்கும். தெரிந்த அளவுகளில் அதைப் போட்டு வளைவு வரைந்து, மாதிரியை அதோடு ஒப்பிடுவோம். அளவுகோலைப் பஃபரில் கரைத்துவிட்டு மாதிரியைச் சீரமாகவே போட்டால் ஒப்பீடு கோணும். சீரத்தில் உள்ள கரைந்த ஏற்பிகள் டிஎன்எஃப்-ஐப் பிடித்து மறைத்துவைத்திருக்கும். பூனைச் சீரத்தில் தெரிந்த அளவு புரதத்தைக் கலந்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று முதலில் பாருங்கள்.

புலி, சிறுத்தைக்கு இது பயன்படுமா?

பெரும்பாலும் பயன்படும், எல்லாம் ஒரே குடும்பம். காட்டுப்பூனை இனங்களுக்கெனத் தனியாக யாரும் குப்பி செய்து வைத்திருப்பதில்லை என்பதால் வீட்டுப் பூனையின் பொருள்களையே கடன் வாங்குகிறோம். ஆனால் முதலில் சோதித்துவிட்டுத்தான்.

இதை ஏன் படிக்க வேண்டும் என்பவர்களுக்குச் சிவிங்கிப்புலியின் கதை. 1982-83-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வனவிலங்குப் பூங்காவில் எஃப்ஐபி பரவி, அங்கிருந்த சிவிங்கிப்புலிகளில் பாதிக்கும் மேல் இறந்துபோயின. வீட்டுப் பூனைகளில் சிலவற்றை மட்டும் கொல்லும் நோய் அது. பிறகு பார்த்தால், உறவே இல்லாத சிவிங்கிப்புலிகளுக்கிடையே தோலை ஒட்டினாலும் உடல் நிராகரிக்கவில்லை. நோய் எதிர்ப்பு மரபணுக்களில் அவ்வளவு ஒற்றுமை. ஒன்றை வீழ்த்தத் தெரிந்த வைரஸ், எல்லாவற்றையும் வீழ்த்தத் தெரிந்துகொண்டது.

காலாவதித் தேதி தாண்டிய குப்பியை எறிந்துவிடலாமா?

எறிவதற்கு முன் எல்929 தட்டு ஒன்று போடுங்கள், பக்கத்திலேயே புதுக் குப்பியையும் போட்டு. பழையதின் வளைவு புதியதோடு ஒட்டிப் போனால் மாணவர் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், ஆய்வுக்கட்டுரைக்கு வேண்டாம். வளைவு தள்ளிப்போயிருந்தால், 'கொஞ்சம் கூடுதலாகப் போட்டுச் சரிக்கட்டலாம்' என்று யாராவது சொல்வார்கள். கெட்டுப்போன துண்டுகளும் கரைசலில் இருக்கும், கூடவே எண்டோடாக்சினும் ஏறும். அந்தக் குப்பியைக் கொதிக்கவைத்துக் கட்டுப்பாடாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், என் ஃப்ரீசரில் அப்படி மூன்று இருக்கின்றன.